நோமிஸும் புதிய அட்டவணைக் கருவியும்: பிரித்தானியக் கணக்கெடுப்புத் தரவு தமிழ் அமைப்புகளுக்கு எவ்வளவு உதவுகிறது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மார்ச் 21 அன்று நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முடிவுகளைப் பொதுமக்கள் எடுத்துப் பயன்படுத்த இரண்டு முக்கியமான இணையச் சேவைகள் இருக்கின்றன. ஒன்று, தேசியப் புள்ளிவிவர அலுவலகத்துக்காக டர்ஹாம் பல்கலைக்கழகம் நீண்ட காலமாக நடத்திவரும் நோமிஸ். மற்றது, அந்த அலுவலகமே தன் இணையதளத்தில் 2023 மார்ச்சில் திறந்துவைத்த கருவி. பயனர் தமக்கு வேண்டிய அட்டவணையைத் தாமே கட்டிக்கொள்வதற்கானது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. எடுத்த தரவை, மூலம் இன்னதென்று குறிப்பிட்டால், எங்கு வேண்டுமானாலும் மறுபடி பயன்படுத்த அரசின் திறந்த உரிமம் இடம் கொடுக்கிறது.

புள்ளியியல் படித்தவர்களை மனத்தில் வைத்து இந்த மதிப்பாய்வை எழுதவில்லை. வார இறுதித் தமிழ்ப் பாடசாலைக்கு அடுத்த கிளையை எந்தப் பகுதியில் தொடங்கலாம் என்று யோசிக்கும் நிர்வாகக் குழுவினரும், முதியோர் பகல் நிலையத்துக்கு மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதும் செயலாளரும், கவுன்சில் வெளியிடும் துண்டறிக்கைகளைத் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று வாதாட ஆதாரம் தேடுபவரும்தான் இந்தச் சேவைகளின் வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர்கள் எல்லோரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான்: இந்தப் பகுதியில் தமிழர் எத்தனை பேர், அவர்களில் சிறுவர் எத்தனை பேர், முதியவர் எத்தனை பேர்? முதல் பாதிக்கு இந்தச் சேவைகள் மிக நேர்த்தியாக விடை தருகின்றன. இரண்டாம் பாதிக்கு வரும்போது நிலைமை சிக்கலாகிறது. அதற்கான காரணங்களில் பாதி மென்பொருளில் இருக்கிறது; மீதி, கணக்கெடுப்புப் படிவத்திலேயே இருக்கிறது.

முதலில் நோமிஸ். அழகுக்காக யாரும் இந்தத் தளத்துக்கு வருவதில்லை. ஆனால் வேலை தெரிந்த ஒருவர் வடிவமைத்தது என்பது சிறிது நேரம் புழங்கினாலே புரிந்துவிடும். கணக்கெடுப்புத் தரவில் 2021-க்கும் 2011-க்கும் போவதோடு நிற்காமல் 1981 வரை பின்னோக்கிச் செல்ல முடிகிறது. 2021-ஆம் ஆண்டு அட்டவணைகளுக்கு ‘டிஎஸ்’ என்ற எழுத்துகளும் மூன்று இலக்க எண்ணும் கொண்ட பெயர்கள் உண்டு. விரிவான முதன்மை மொழிப் பட்டியல் டிஎஸ் 024. ஆங்கிலத் தேர்ச்சி டிஎஸ் 029. வீட்டில் பேசும் மொழி நிலை டிஎஸ் 025. இந்த எண்கள் தெரிந்தவருக்கு அட்டவணை உடனே கிடைத்துவிடுகிறது. தெரியாதவர் தலைப்பைத் தட்டித் தேடலாம், தேடல் மோசமில்லை. ஆயினும் மொழி என்று தேடினால் அரை டசன் அட்டவணைகள் ஒரே மாதிரியான பெயர்களோடு வரிசையாக வந்து நிற்கும்போது, எது தமக்கானது என்று புதியவர் திகைப்பது இயல்பு. அடைப்புக்குறிக்குள் ‘விரிவானது’ என்று இருப்பதைத்தான் தமிழ் வேண்டுபவர் எடுக்க வேண்டும். சுருக்கப் பட்டியலில் தமிழும் குஜராத்தியும் உருதும் சிங்களமும் தெற்காசிய மொழி என்ற ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும்.

அட்டவணையைத் திறந்த பிறகு இடத்தைத் தேர்வு செய்ய வேண்டும். நோமிஸின் உண்மையான பலம் இங்கேதான். இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து 1,88,880 மிகச்சிறு கணக்கெடுப்புப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றைச் சேர்த்துக் கட்டிய கீழ்நிலைப் பகுதிகள் 35,672. அவற்றின் மேல் இடைநிலைப் பகுதிகள் 7,264. ஓர் இடைநிலைப் பகுதியில் பொதுவாக 5,000 முதல் 15,000 பேர் வரை வாழ்கிறார்கள். இவற்றோடு வார்டுகள், உள்ளூராட்சிப் பிரிவுகள், நாடாளுமன்றத் தொகுதிகள், பிராந்தியங்கள் என்று நிர்வாக எல்லைகளும் அதே இடத்தில் கிடைக்கின்றன. பட்டியலில் பெயரைக் குறியிடலாம், வரைபடத்தில் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம், ஒரு கவுன்சிலுக்குள் அடங்கும் எல்லா இடைநிலைப் பகுதிகளையும் ஒரே கட்டளையில் கேட்கலாம். பதிவு செய்துகொண்ட பயனர், தமக்கு வேண்டிய பகுதிகளை ஒன்றுசேர்த்துத் தனிப் பெயரிட்டுச் சேமித்துவைக்கவும் முடியும். லண்டனில் ஹரோவின் தெற்கு ஓரமும் வெம்பிளியின் வடக்கு ஓரமும் இரு வேறு கவுன்சில்களைச் சேர்ந்தவை. அங்கே இருக்கும் ஒரு பாடசாலைக்குப் பிள்ளைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவார்கள். கவுன்சில் எல்லையை மதிக்காத இந்த நடைமுறை வாழ்க்கையை நோமிஸ் ஏற்றுக்கொள்கிறது என்பதை நான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன்.

பதிவிறக்கம் எக்செல் கோப்பாகவோ காற்புள்ளி பிரித்த உரைக்கோப்பாகவோ வரும். கோப்பைத் திறந்தால் எண்கள் முதல் வரியிலேயே தொடங்கிவிடாது. அட்டவணையின் பெயர், எடுத்த தேதி, கணக்கில் சேர்க்கப்பட்டவர்கள் யார், அலகு என்ன என்று சில வரிகள் வந்த பிறகே தலைப்பு வரிசை வரும். கணினி நிரலுக்கு நேரடியாக ஊட்ட நினைப்பவருக்கு இது தொந்தரவு. மனிதர் படிப்பதற்கோ மிகவும் நல்ல பழக்கம். ஏனெனில் ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கும்போது இது எதன் எண் என்ற ஐயம் எழாது. மொழி அட்டவணையில் அந்த வரிகளில் ஒன்று, மூன்று வயதும் அதற்கு மேலும் ஆன வழக்கமான குடியிருப்பாளர் என்று சொல்கிறது. இதைக் கவனிக்காமல் மொத்த மக்கள்தொகையால் வகுத்து விழுக்காடு கணக்கிட்ட விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வேறுபாடு சிறிதுதான். ஆனால் மானியக் குழுவில் யாராவது ஒருவர் அதைக் கண்டுபிடித்தால் மற்ற எண்களையும் சந்தேகிக்கத் தொடங்குவார்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. இங்கிலாந்துக்கு ‘ஈ’ எழுத்தும் வேல்ஸுக்கு ‘டபிள்யூ’ எழுத்தும் முன்னால் நிற்க, எட்டு இலக்கங்கள் பின்தொடரும். எழுத்தில் தொடங்குவதால் எக்செல் அதை எண்ணாக நினைத்துத் தொடக்கச் சுழியத்தை விழுங்கிவிடும் அபாயம் இல்லை. இந்தியக் கணக்கெடுப்பின் தாலுகாக் குறியீடுகளில், தமிழ்நாட்டுத் தாலுகாக்கள் எல்லாம் சுழியத்தில் தொடங்குபவை என்பதால், இந்த வசதியின் அருமை அந்தக் கோப்புகளோடு போராடியவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரே குறியீட்டைக் கொண்டு வறுமைச் சுட்டெண்ணையும் பாடசாலைப் புள்ளிவிவரத்தையும் கணக்கெடுப்போடு இணைத்துவிட முடிவதுதான் இந்த அமைப்பின் மறைவான கட்டுமானம். நிரல் எழுதத் தெரிந்தவருக்கு நோமிஸ் ஏபிஐ வழியையும், அதாவது நிரலே நேரடியாகத் தரவைக் கேட்டுப் பெறும் வழியையும், தருகிறது. அட்டவணையைத் திரையில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதே தேர்வுக்கான இணைப்பு முகவரியைப் பெற்றுக்கொள்ளலாம். ஆண்டுதோறும் ஒரே அறிக்கையைப் புதுப்பிக்கும் அமைப்புகள் இதை ஒருமுறை அமைத்துவிட்டால் போதும்.

இனி, புதிய கருவி. நோமிஸில் இருப்பவை பெரும்பாலும் ஏற்கனவே சமைத்து வைக்கப்பட்ட அட்டவணைகள். மொழி தனியே, வயது தனியே, ஆங்கிலத் தேர்ச்சி தனியே கிடைக்கும். தமிழை முதன்மை மொழியாகக் கொண்ட 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆங்கிலம் நன்றாகப் பேச இயலாதவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு மூன்று மாறிகளும் ஒன்றோடொன்று குறுக்கிட வேண்டும். முன்பெல்லாம் இப்படிப்பட்ட அட்டவணை வெளியிடப்பட்டிருக்காவிட்டால், அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். 2021 கணக்கெடுப்பைத் திட்டமிட்டபோதே, பயனர்கள் கேட்கும் அட்டவணையை அந்தந்த நேரத்தில் கட்டித் தருவது என்று முடிவு செய்தார்கள். பெல்ஃபாஸ்டிலிருந்து இயங்கும் சென்சிபிள் கோட் நிறுவனத்தின் கான்டபுலர் என்ற மென்பொருள் இதற்கு அடித்தளம். வட அயர்லாந்தின் புள்ளிவிவர முகமையும் அதே மென்பொருளைக் கொண்டே தன் கருவியைக் கட்டியிருக்கிறது.

பயன்படுத்தும் முறை எளிது. முதலில் யாரைப் பற்றிய அட்டவணை என்று சொல்ல வேண்டும்: எல்லாக் குடியிருப்பாளர்களா, குடும்பங்களா, குடும்பப் பொறுப்பாளர்களா என்பது போல. பிறகு எந்த வகைப் பகுதி, அதில் எந்த ஊர்கள். அதன் பிறகு மாறிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு மாறிக்கும் பல அளவு நுணுக்கங்கள் உண்டு. வயதை ஒவ்வோர் ஆண்டாகவும் வாங்கலாம், ஐந்தைந்தாண்டுத் தொகுதியாகவும் வாங்கலாம், பெரிய ஐந்தாறு தொகுதிகளாகவும் வாங்கலாம். ஆனால் நாமே புதிய தொகுதியை வகுக்க முடியாது. ஐந்து வயது முதல் பதினாறு வரை என்று பாடசாலைக்குப் பொருத்தமாக வெட்டிக்கொள்ளும் வசதி இல்லாமல், ஆயத்தமாக இருக்கும் தொகுதிகளில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டியிருப்பது எரிச்சலூட்டுகிறது. அதைவிட எரிச்சல், மொழி மாறியின் நுணுக்கத்தை ஒரு படி குறைத்தால் தமிழ் மறைந்து தெற்காசிய மொழிகளோடு கலந்துவிடுவது. தமிழை மட்டும் தனியே வைத்துக்கொண்டு மற்றவற்றை எல்லாம் ‘ஏனையவை’ என்று மடக்க ஒரு பொத்தான் இருந்திருந்தால் இந்த மதிப்பாய்வில் பாதி குறைகளுக்கு இடமிருந்திருக்காது.

ஏன் அப்படி என்றால், இந்தக் கருவியின் இதயம் அட்டவணை கட்டுவதில் இல்லை. கட்டிய அட்டவணையைக் கொடுக்கலாமா கூடாதா என்று அந்தக் கணத்திலேயே தீர்ப்புச் சொல்வதில் இருக்கிறது. மாறிகளைச் சேர்க்கச் சேர்க்கத் திரையில் ஓர் அறிவிப்பு மாறிக்கொண்டே இருக்கும். தனிநபர் தகவலைக் காக்க வேண்டியிருப்பதால், நீங்கள் கேட்ட பகுதிகளில் இத்தனை பகுதிகள் வெளியிடப்படமாட்டா என்று அது எண்ணிக்கையோடு சொல்லும். இடைநிலைப் பகுதி அளவில் வயதைப் போட்டால் எல்லாப் பகுதிகளும் வரும். விரிவான மொழியைச் சேர்த்தவுடன் அட்டவணையின் கட்டங்கள் பலமடங்காகும். கட்டங்களில் பெரும்பாலானவை பூச்சியமும் ஒன்றும் இரண்டுமாக இருக்கும். அப்படிப்பட்ட பகுதிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். தமிழர் நெருக்கமாக வாழும் பகுதியாகவே இருந்தாலும், அதே பகுதியில் லித்துவேனிய மொழி பேசும் இரண்டு பேர் இருப்பதன் காரணமாக முழு அட்டவணையும் மறுக்கப்படலாம். தமிழுக்கு மட்டும் கேட்க முடியாததால் எல்லா மொழிக்காரரின் அந்தரங்கத்துக்கும் சேர்த்தே நாம் பொறுப்பேற்க நேர்கிறது.

இந்தத் தடையை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு தெருவில் ஒரே ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தால், அந்த வீட்டு முதியவருக்கு ஆங்கிலம் வராது என்பதையும் அவரது உடல்நிலையையும் வீட்டு வசதியையும் சேர்த்து ஓர் அட்டவணை சொல்லிவிடக்கூடாது. தனிநபர் படிவங்கள் நூறு ஆண்டுகள் பூட்டிவைக்கப்படுவதும் அதனால்தான். 1921-ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஜனவரியில்தான் வெளியே வந்தன. ஈழத்திலிருந்து அஞ்சி ஓடிவந்தவர்களுக்கு, அரசாங்கம் பெயர் சொல்லாமல் எண்ணுவதன் மதிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் முறைப்பாடு தடை இருப்பதைப் பற்றியது அன்று. தடை எங்கே விழும் என்பதைக் கருவி முன்கூட்டியே சொல்லாமல், மாறிகளை எல்லாம் சேர்த்த பிறகு சொல்வதைப் பற்றியது. எந்த நுணுக்கத்தைக் குறைத்தால் எத்தனை பகுதிகள் திரும்பி வரும் என்று கருவியே பரிந்துரைக்க முடியும். அதற்கான கணக்கை அது எப்படியும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே நடைமுறையில் செய்ய வேண்டியது, இட நுணுக்கத்தையும் பொருள் நுணுக்கத்தையும் ஒன்றுக்கு ஒன்று விட்டுக்கொடுப்பது. தமிழ், வயது, ஆங்கிலத் தேர்ச்சி மூன்றும் வேண்டுமென்றால் கவுன்சில் அளவுக்கு ஏறிக்கொள்ள வேண்டும். லண்டனின் 33 உள்ளூராட்சிகளில் ஹரோ, பிரென்ட், நியூஹாம், ரெட்பிரிஜ், மெர்ட்டன், குரோய்டன் போன்றவை நம் அமைப்புகள் வழக்கமாகக் கேட்பவை. இவை ஒவ்வொன்றும் சில இலட்சம் பேர் வாழும் பெரிய அலகுகள் என்பதால் அங்கே விடை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இடம் நுணுக்கமாக வேண்டுமென்றால் மொழியை மட்டும் தனியே நோமிஸில் இடைநிலைப் பகுதி அளவில் எடுத்துக்கொண்டு, வயதை விட்டுவிட வேண்டும். முதலாவது அட்டவணை எத்தனை பேருக்குச் சேவை தேவை என்பதற்கு ஆதாரமாகும். இரண்டாவது, கூடத்தை எந்தப் பேருந்து வழித்தடத்தில் பிடிப்பது என்பதற்கு உதவும். இரண்டையும் பெருக்கி, சிறு பகுதியில் வாழும் தமிழ் முதியவர் எண்ணிக்கையை ஊகிக்கலாம்; ஊகம் என்று எழுதிவிட்டுச் செய்தால் தவறில்லை.

எண்கள் கூட்டினால் ஒத்துவராத விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நோமிஸ் கோப்பின் அடியில் ஒரு குறிப்பு இருக்கும்: தனிநபரை அடையாளம் காணாமல் இருப்பதற்காகச் சில பதிவுகள் பகுதிகளுக்கிடையே இடம் மாற்றப்பட்டுள்ளன, எண்ணிக்கைகளில் சிறு மாற்றமும் செய்யப்பட்டுள்ளது, மிகச்சிறு பகுதிகளின் சிறு எண்களே அதிகம் பாதிக்கப்படும் என்பது அதன் சாரம். அருகருகே வாழும் ஒத்த இயல்புடைய இரண்டு குடும்பங்களைக் கோப்பில் இடம் மாற்றிவிடுவது முதல் உத்தி. சில கட்டங்களில் சிறு எண்ணைக் கூட்டியோ குறைத்தோ வைப்பது இரண்டாவது. இதன் விளைவாக, ஒரு கவுன்சிலின் எல்லாப் பகுதிகளிலும் உள்ள தமிழரைக் கூட்டினால் கிடைக்கும் தொகை, கவுன்சில் வரிசையில் அச்சிட்டிருக்கும் தொகையோடு ஓரிரு எண்கள் வேறுபடலாம். புதிய கருவியில் கட்டிய அட்டவணையும் நோமிஸ் அட்டவணையும் ஒரே கேள்விக்குச் சற்றே மாறுபட்ட விடை தரலாம். இது பிழை இல்லை, வேண்டுமென்றே செய்தது. ஆனால் கணக்குச் சரிபார்க்கும் பொருளாளர் ஒருவர் குழுவில் இருந்தால், இதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. ‘மூன்று பேர்’ என்று காட்டும் கட்டத்தை நம்பி எதையும் தீர்மானிக்கக் கூடாது.

இனி படிவத்தின் பக்கம். 2011-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தம் முதன்மை மொழியாகக் குறித்தவர்கள் ஏறத்தாழ 1,01,000 பேர்; 2021-இல் ஏறத்தாழ 1,25,000 பேர். பத்தாண்டில் கால்பங்கு வளர்ச்சி. இந்த எண்ணைத்தான் எல்லா விண்ணப்பங்களிலும் பிரித்தானியாவில் வாழும் தமிழர் தொகை என்று எழுதுகிறார்கள். அது அப்படிப்பட்ட எண்ணே அன்று. படிவம் கேட்டது, உங்கள் முதன்மை மொழி எது என்ற ஒற்றைக் கேள்வி. விடையும் ஒன்றே. ஈஸ்ட் ஹாமில் பிறந்து, அப்பம்மாவோடு தமிழும் பாடசாலையில் ஆங்கிலமும் பேசும் பத்து வயதுப் பிள்ளைக்கு வீட்டார் ஆங்கிலம் என்று குறித்தால் அந்தப் பிள்ளை தமிழ்க் கணக்கிலிருந்து முழுமையாக வெளியேறிவிடுகிறது. ஆங்கிலத் தேர்ச்சி பற்றிய அடுத்த கேள்வியும் அந்தப் பிள்ளைக்கு வராது. தமிழ்ப் பாடசாலைக்கு வரக்கூடிய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இந்த வகையினரே. பாடசாலை தொடங்க நினைப்பவர் தேடும் மக்களைத்தான் தரவு ஒளித்துவைத்திருக்கிறது.

இங்கே இந்தியக் கணக்கெடுப்போடு ஒப்பிடுவது பொருத்தம். இந்தியப் படிவத்தில் தாய்மொழி ஒரு கேள்வி. அதோடு தெரிந்த பிற மொழிகள் இரண்டுக்கு இடம். அதனால் 2011-இல் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட 6,90,26,881 பேரைத் தாலுகா வரை பிரித்துப் பார்க்க முடிகிறது; இருமொழியாளரையும் காண முடிகிறது. கேள்வியைக் கேட்ட விதத்தில் இந்தியா முன்னே நிற்கிறது. ஆனால் அந்த மொழி அட்டவணை வெளிவந்தது 2018-இல், எண்ணி முடித்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு. பிரித்தானிய மொழி விவரம் 2022 நவம்பர் 29 அன்று, இருபது மாதங்களில் வந்துவிட்டது. நல்ல கேள்விக்குத் தாமதமாக வரும் விடையும், குறுகிய கேள்விக்கு விரைவாக வரும் விடையும் என்று இரண்டு பக்கத்திலும் தமிழருக்கு அரைகுறையாகவே கிடைக்கிறது.

மொழிக்குப் பதிலாக வேறு மாறிகளை நாடினாலும் பள்ளங்கள் உண்டு. பிறந்த நாட்டை எடுத்தால் இலங்கையில் பிறந்தவர்களில் சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்வார்கள். தமிழ்நாட்டுத் தமிழர் இந்தியாவில் பிறந்தவர்களோடு கரைந்துபோவார்கள். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் பிறந்து பெற்றோரோடு லண்டனுக்கு இடம்பெயர்ந்த ஈழத்துப் பிள்ளைகள் ஐரோப்பியக் கணக்கில் போய்விடுவார்கள். இனக்குழுக் கேள்வியில் இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேஷியர், சீனர் ஆகியோருக்குத் தனிக் கட்டம் உண்டு. இலங்கைத் தமிழர் ‘ஏனைய ஆசியர்’ என்று குறித்துவிட்டுக் கையால் எழுத வேண்டும். சிலர் தமிழ் என்றும், சிலர் இலங்கைத் தமிழ் என்றும், சிலர் இலங்கை என்றும் எழுதுவார்கள். கோயில் நிர்வாகங்கள் சமயக் கேள்வியைப் பிடித்துக்கொள்கின்றன. ஹரோவில் 25.8 விழுக்காட்டினர் இந்துக்கள், நாட்டிலேயே அதிக விகிதம் என்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்கு குஜராத்திகள் என்பது அந்த ஊரில் தெருவில் இறங்கி நடந்தவருக்கே தெரியும். கிறிஸ்தவத் தமிழரை அந்த எண் தொடுவதே இல்லை.

ஓரளவுக்கு உதவும் சுற்றுவழி ஒன்று உண்டு. புதிய கருவியில் குடும்பப் பொறுப்பாளர் என்ற மக்கள் வகையைத் தேர்ந்தெடுத்து, அவரது முதன்மை மொழியையும் வீட்டில் சார்ந்து வாழும் பிள்ளைகளின் நிலையையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம். பிள்ளை ஆங்கிலம் என்று குறித்திருந்தாலும், பொறுப்பாளராகக் கணக்கிடப்பட்ட தாயோ தந்தையோ தமிழ் என்று குறித்திருந்தால் வீடு கணக்கில் வந்துவிடும். கூடவே டிஎஸ் 025-ஐயும் பார்க்க வேண்டும். பெரியவர் யாருக்கும் ஆங்கிலம் முதன்மை மொழியாக இல்லாமல், மூன்று முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளை ஒருவருக்காவது ஆங்கிலம் முதன்மை மொழியாக இருக்கும் வீடுகளை அது தனியே எண்ணுகிறது. எந்த மொழிக் குடும்பம் என்று அது சொல்லாது. ஆயினும் டூட்டிங்கிலும் நியூ மால்டனிலும் அந்த வகை வீடுகள் எங்கே செறிந்திருக்கின்றன என்பதை மொழி அட்டவணையோடு அருகருகே வைத்துப் பார்ப்பது வீண் வேலை ஆகாது. இப்படியொரு வகையை வடிவமைத்தவர் யாரோ, புலம்பெயர்ந்த வீடொன்றின் இரவுச் சாப்பாட்டு மேசையை நேரில் பார்த்திருக்க வேண்டும்.

மற்றக் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்கெடுப்பு வரைபடம் பார்க்க அழகானது, கூட்டத்தில் திரையில் காட்டுவதற்கு ஏற்றது. எண் எடுப்பதற்கு நோமிஸுக்கே திரும்ப வேண்டும். வரைபடத்தில் எல்லை கீறிப் பகுதி விவரம் பெறும் கருவி, விண்ணப்பத்தின் முதல் பக்கத்துக்கு வேண்டிய பொதுத் தகவலை நிமிடங்களில் தரும். ஸ்கொட்லாந்து இவை எதிலும் இல்லை. பெருந்தொற்றின் காரணமாக அங்கே கணக்கெடுப்பு 2022 மார்ச் 20-க்குத் தள்ளிப்போனது; முடிவுகளும் தனித் தளத்தில் இருக்கின்றன. கிளாஸ்கோத் தமிழரையும் லண்டன் தமிழரையும் ஒரே அட்டவணையில் கேட்பவர் இரண்டு தளங்களில் எடுத்து, ஓராண்டு இடைவெளியைக் குறிப்பிட்டு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். 2021 மார்ச்சில் ஊரடங்கு நடைமுறையில் இருந்ததால் வேலை, பயணம் தொடர்பான எண்களை எச்சரிக்கையோடே கையாள வேண்டும். மாணவர் விடுதிகள் நிறைந்த பகுதிகளுக்கும் அது பொருந்தும்.

யாருக்கு எதைப் பரிந்துரைப்பேன் என்றால், முதன்முறை வருபவர் நோமிஸில் தம் கவுன்சிலின் மொழி அட்டவணையை எடுப்பதோடு தொடங்கட்டும். அதுவே பல விண்ணப்பங்களுக்குப் போதும். முதியோர் சேவைக்கு ஆதாரம் தேடுபவருக்குப் புதிய கருவிதான் சரியான இடம், கவுன்சில் அளவில் நிற்கச் சம்மதித்தால். சேவையின் தரத்தில் நோமிஸை முதலிடத்தில் வைப்பேன். அது பழைய பணியாளரைப்போலக் கேட்டதைக் கேட்டபடி எடுத்துக் கொடுக்கிறது. புதிய கருவியின் திறன் அதைவிடப் பெரிது, ஆனால் பயனரின் கையைப் பிடித்து நடத்த அது இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும். நாமே கட்ட முடியாத அட்டவணையை அலுவலகத்திடம் தனியே கேட்டு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. தமிழும் ஏனையவையும் என்ற இரு கட்ட மொழி மாறியோடு ஓர் அட்டவணையைத் தமிழ் அமைப்புகள் கூட்டாகக் கேட்டுப் பார்ப்பது பயனுள்ள முயற்சியாக இருக்கும்.

அடுத்த கணக்கெடுப்பு 2031-இல் நடக்க வேண்டும் என்று 2025 ஜூனில் பரிந்துரைக்கப்பட்டு, அரசும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. முதன்மை மொழிக்கு அருகே, வீட்டில் பேசும் இன்னொரு மொழிக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கோருவதற்கு இதுவே தகுந்த காலம். படிவம் அச்சேறிய பிறகு மென்பொருளைக் குறைசொல்லிப் பயனில்லை. அதுவரைக்கும் பாடசாலைகள் ஆண்டுதோறும் கல்வித் துறைக்குக் கொடுக்கும் மாணவர் கணக்கில் முதல் மொழி என்றொரு புலம் இருக்கிறது. 2021-இல் மூன்று வயதாக இருந்த பிள்ளைகள் இப்போது ஆரம்பப் பாடசாலையின் மேல் வகுப்புகளுக்கு வந்துவிட்டார்கள் என்பதால், கிளை தொடங்கும் முடிவை எடுக்கும் குழு, கவுன்சிலின் கல்விப் பிரிவிடம் அந்தப் புதிய எண்ணையும் கேட்டு வாங்கி, நோமிஸ் அட்டவணைக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.